பி.எட். மிஸ் வந்திருக்காங்க

சம்பா நடவு முடிந்து வயல் பச்சை பிடிக்கிற சமயத்தில் எங்கள் பள்ளிக்கு பி.எட். மாணவர்கள் வருவார்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தோடு தலைமையாசிரியர் அறை வாசலில் நான்கைந்து பேர் தயங்கித் தயங்கி நிற்பார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான். பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி கையில் சார்ட் பேப்பர் சுருள் இருக்கும், இன்னொருத்தி கையில் தெர்மாகோலில் செய்த மாடல். அதற்குள் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் பக்கத்து வகுப்புக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடும்: "பி.எட். மிஸ் வந்திருக்காங்க!"

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்குப் பாடத்துக்கு வருகிறவர்களுக்கு நான்தான் கைடு டீச்சர். இந்தப் படிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. பி.எட். என்றாலே "காசு கட்டினா கிடைக்கும்", "கல்யாணத்துக்கு முன்னாடி இன்னொரு டிகிரி" என்று பேசிவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. எனக்கு அப்படிப் பேச வாய் வராது. ஒரு பட்டம் முடித்துவிட்டு வருகிற இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகளை, அடுத்த முப்பது வருடம் குழந்தைகள் முன்னால் நிற்கத் தயார்செய்கிற படிப்பு இது. அதில் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வாரங்கள்தான் உயிர்நாடி. அந்த வாரங்களுக்கு இன்று யாரும் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்வதில்லை. கல்லூரி, பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிடுகிறது. பள்ளி, இவர்கள் கல்லூரிப் பிள்ளைகள்தானே என்று விட்டுவிடுகிறது.

நான் படித்த காலத்தில் பி.எட். ஒரு வருடம். டீச்சிங் பிராக்டிஸ் என்று நாற்பது நாள் பள்ளிக்குப் போவோம். 2012-ல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான குழு நாடு முழுவதும் ஆசிரியர் பயிற்சியின் நிலையைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2015-லிருந்து பி.எட்., எம்.எட். இரண்டுமே இரண்டு வருடம் ஆயின. பி.எட்.டில் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கியது மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. தமிழ்நாட்டில் இந்தக் கல்லூரிகளெல்லாம் 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாடத்திட்டம், தேர்வு, செய்முறை மதிப்பெண் எல்லாம் அங்கிருந்து. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. பதினாறு வாரம் என்பது சின்ன விஷயமா? கிட்டத்தட்ட ஒரு குறுவைப் பருவம்.

அந்தப் பதினாறு வாரத்தில் என்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். சேர்ந்த ஒரு பெண் வந்திருந்தாள். கெட்டிக்காரி. கரும்பலகையில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆறாம் வகுப்பில் கழித்தல் கணக்கு சிலருக்குத் தகராறாக இருக்கிறது, கொஞ்சம் பாரும்மா என்று அனுப்பினேன். 302-லிருந்து 147-ஐக் கழிக்கச் சொன்னாள். விடை 155. நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தாள். தப்பு செய்திருந்த எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி சிவப்பு மையில் பெருக்கல் குறி. போர்டில் கணக்கை மறுபடி போட்டுக் காட்டிவிட்டேன் டீச்சர் என்றாள்.

இரண்டு நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒன்றில் விடை 245. இன்னொன்றில் 165. இந்த ரெண்டு பிள்ளையும் ஒரே தப்பையா பண்ணியிருக்காங்க, பாரு என்றேன். அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முகம் மாறியது. 245 எழுதிய பையன் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். 7-லிருந்து 2 போனால் 5, 4-லிருந்து 0 போனால் 4, 3-லிருந்து 1 போனால் 2. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற யோசனையே அவனுக்கு இல்லை. 165 எழுதிய பெண்ணுக்குக் கடன் வாங்கத் தெரியும். ஒன்றாம் இடத்துக்கு 12 கொண்டுவந்து 5 சரியாக எழுதிவிட்டாள். பத்தாம் இடத்தில் 0-வுக்குப் பக்கத்திலிருந்து 10 வந்தது, அதிலிருந்து ஒன்றை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, மிச்சம் 9 என்பதை மட்டும் விட்டுவிட்டாள். 10-லிருந்து 4 போக 6 என்று எழுதிவிட்டாள். இந்தப் பெண் கரை சேர இன்னும் ஒரே ஒரு எட்டு. அந்தப் பையனுக்கு இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும், குச்சிக்கட்டு வைத்து. இரண்டு பேருக்கும் போர்டில் அதே கணக்கை மறுபடி போட்டுக் காட்டினால் இரண்டு பேருக்குமே பிரயோஜனம் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண் சாப்பிடாமல் எல்லா நோட்டையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். இதை யாரும் சொல்லித் தரலியே டீச்சர் என்றாள். அவளுடைய பாடப்புத்தகத்தில் இது இல்லாமல் இல்லை. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-லேயே இதை எடுத்து எழுதிவிட்டார்: பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, இந்தப் பாடத்தில் இந்தப் பகுதியில் குழந்தை எங்கே இடறும், எப்படிச் சொன்னால் பிடிபடும் என்று தெரிவது மூன்றாவது. அந்த மூன்றாவது அறிவு ஆசிரியருக்கே உரியது. பி.எட்.டில் ஷுல்மனைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், எழுதியும் விடுவார்கள். ஒரு குழந்தையின் நோட்டை வைத்துக்கொண்டு அதைப் பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

அதே பெண் இரண்டு வாரம் கழித்து ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் எடுத்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ½-உம் ⅓-உம் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டாள். பாதி வகுப்பு 2/5 என்றது. மேலே இருப்பதைக் கூட்டு, கீழே இருப்பதைக் கூட்டு. உலகம் முழுக்கக் குழந்தைகள் செய்கிற தப்பு இது. வழக்கமாக இந்த இடத்தில் பயிற்சி மாணவர்கள் "எல்.சி.எம். எடுக்கணும்" என்று போர்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இவள் திரும்பவில்லை. "சரி, அரை ஏக்கர் வச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் வாங்குறீங்க. இப்போ அரை ஏக்கரைவிடக் கூடவா, குறையவா?" என்று கேட்டாள். கூட என்றார்கள். 2/5 அரையைவிடப் பெரிசா? வகுப்பு முழித்தது. ஒரு பையன் மெதுவாக, "குறைச்சல் மிஸ்" என்றான்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. இன்னொரு பையன், அவன் அப்பா குத்தகைக்கு நிலம் வைத்திருக்கிறார், எழுந்து நின்று "அரை ஏக்கர்னா ஒண்ணரை மா மிஸ்" என்றான். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வயலை மா கணக்கில்தான் பேசுவோம். 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. 3 மா ஒரு ஏக்கர். அந்தப் பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அரை ஏக்கர் ஒன்றரை மா. மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்? ஒரு மா. ரெண்டும் சேர்த்தா? ரெண்டரை மா! போர்டில் ஒரு நீள்சதுரம் போட்டு மூன்றாகப் பிரித்தாள். ரெண்டரை மாவை எப்படிப் பின்னமாகச் சொல்வது என்று கேட்டாள். ஒரு பெண் பிள்ளை வந்து ஒவ்வொரு மாவையும் நடுவில் கோடு போட்டுப் பாதியாக்கினாள். ஏக்கருக்கு ஆறு அரை மா. நம்மிடம் இருப்பது ஐந்து. ஆறில் ஐந்து.

எல்.சி.எம். என்று விதியாகச் சொன்னால் எங்கிருந்தோ வந்து விழுகிற 6, அங்கே வயலிலிருந்து எழுந்து வந்தது. எதற்காக ஒரே அளவான துண்டுகளாக ஆக்குகிறோம் என்பது நாற்பது குழந்தைகளுக்கும் கண்ணால் தெரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 3 மா என்பது 43,200 சதுர அடி. ஏக்கர் 43,560. வித்தியாசம் 360 சதுர அடி, சரியாக இரண்டரைக் குழி. வாய்ப்பேச்சில் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறோம், கணக்கில் இடிக்கிறது. இதை அவளே கண்டுபிடித்து எட்டாம் வகுப்புக்கு வீட்டுக் கணக்காகக் கொடுத்தாள். பிள்ளைகள் வீட்டில் தாத்தாக்களோடு சண்டை போட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த வகுப்பை அவள் கல்லூரியிலிருந்து யாரும் பார்க்கவில்லை. அவளுடைய லெசன் பிளானில் அன்றைக்கு எழுதியிருந்தது வேறு. நோக்கங்கள், ஊக்குவித்தல், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும், கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாட்டிலிருந்து ஒரு சொல். மதிப்பெண் அந்தக் கட்டத்துக்குத்தான். நான் என் கைப்பட ஓரத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்லூரியில் அதைப் பார்த்துவிட்டு ஃபார்மேட்டில் இல்லாததை எழுதக் கூடாது என்று வேறு தாளில் திருப்பி எழுதச் சொன்னார்களாம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கல்லூரியில் நடப்பதெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று சொல்லித் தருகிறார்கள். 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன். பாடத்தைத் தொடங்குவது, கேள்வியைத் துருவிக் கேட்பது, வலுவூட்டுவது, கரும்பலகையைப் பயன்படுத்துவது, முடிப்பது. கூடப் படிப்பவர்களே மாணவர்களாக உட்காருவார்கள். குரல் நடுங்காமல் இருக்க, பலகையை மறைக்காமல் நிற்க இது ரொம்ப உதவும். முதல் நாளே கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசும் பிள்ளைகளைப் பார்த்தால் நல்ல இடத்தில் பழகியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் கூடப் படிக்கும் தோழிக்கு ½ + ⅓ தெரியும். அவள் 2/5 என்று சொல்ல மாட்டாள். சொன்னாலும் அது நடிப்பு. துருவிக் கேட்கும் திறன் என்பது உண்மையிலேயே தப்பாக யோசிக்கிற ஒரு குழந்தையிடம்தான் பழகி வரும்.

இந்த மண்ணில் ஆசிரியராவதற்கு ஒரு காலத்தில் வேறு வழி இருந்தது. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயவரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் பாடம் கேட்டார். பிள்ளை ஒவ்வொரு மாணவருக்கும் எப்படிச் சொல்கிறார் என்பதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். 1876-ல் பிள்ளை மறைந்த பிறகு அதே மடத்தில் மற்றவர்களுக்குப் பாடம் சொன்னார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியாரின் இடத்துக்கு, அவருடைய பரிந்துரையிலேயே, தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவரிடம் பயிற்சிப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் பார்த்துப் பழகிய வருடங்கள் இருந்தன. அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் பாட்டி காலத்துப் பெண் ஒருத்தி அங்கே போய் உட்கார்ந்திருக்க முடியாது. பெரும்பாலான சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகளும் முடியாது. சென்னை வேப்பேரியில் 1856-ல் தொடங்கி, பிறகு சைதாப்பேட்டைக்குப் போன அரசுப் பயிற்சிப் பள்ளியிலிருந்து இன்றைய ஒரத்தநாடு அரசு கல்வியியல் கல்லூரி வரைக்கும் வளர்ந்த இந்த ஏற்பாடுதான் எங்களைப் போன்றவர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அதனால்தான் இது சரியாக நடக்க வேண்டும் என்று இவ்வளவு அடித்துக்கொள்கிறேன்.

கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, பாடத்தில் முதுகலைப் பட்டமும் எம்.எட்.டும் வேண்டும், அதற்குமேல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நன்றாகப் படித்த, நல்ல மனசுள்ள பலர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்கப் பின்னம் நடத்திப் பார்க்காதவரால், பின்னம் நடத்தும் பெண்ணுக்கு எங்கே கை கொடுக்க முடியும்? இதற்கு ஜப்பானில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்கென்று தனியாகப் பல்கலைக்கழக முதுநிலைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள், நம் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 2008-ல்தான். இரண்டு வருடப் படிப்பு. 45 கிரெடிட்டில் 10 பள்ளிக்கூடத்திலேயே செய்யும் பயிற்சிக்கு. கற்பிப்பவர்களில் பத்துக்கு நான்கு பேராவது பள்ளிகளில் வேலை பார்த்துத் தேர்ந்த அனுபவசாலிகளாக இருக்க வேண்டும் என்பது விதி.

அதைவிட எனக்குப் பிடித்தது அங்கே நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் பாட ஆய்வு என்ற வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு நடுவே நின்று, அவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். கரும்பலகையைப் பாடம் முடியும்வரை அழிக்காமல், பிள்ளைகள் சொன்ன சரியும் தப்பும் எல்லாம் அதிலேயே இருக்கும்படி எழுதுவார்கள். இதற்கு எந்தச் செலவும் இல்லை. சாக்பீஸ் போதும்.

இன்னொரு பக்கம் பார்த்தால் வயிறு எரிகிறது. வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் சேர்க்கிற கல்லூரிகள் இருக்கின்றன. அறுவடைப் பணத்தைக் கொள்முதல் நிலையத்திலிருந்து வாங்கி வந்து அப்படியே மகளுக்கு ஃபீஸ் கட்டுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். நெல் மூட்டை மழையில் நனைந்து ஈரப்பதம் கூடிப்போன வருடத்தில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களையும் தெரியும். அந்தப் பணத்துக்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும், யாரோ எழுதிக் கொடுத்த ரெக்கார்டு நோட்டும். ரெக்கார்டு எழுதிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். அப்படிப் படித்துவிட்டு வந்த பெண் முதல் நாள் எட்டாம் வகுப்பு வாசலில் கால் நடுங்கி நிற்பதைப் பார்த்தால் அவளைத் திட்டத் தோன்றாது. அவளிடமிருந்து பிடுங்கப்பட்டது என்ன என்று அவளுக்கே தெரியாது.

படிப்பில் சரியாகச் செய்யாததைத் தேர்வில் பிடிக்கலாம் என்று ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வந்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தபோது லட்சக்கணக்கானோர் எழுதி ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற, ஏற்கெனவே பணியில் உள்ளவர்களும் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஐம்பது வயதுக்காரர்கள் டெட் கைடு வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 150 கேள்விகளில், கழித்தல் கணக்குக்கு 165 என்று விடை எழுதிய அந்தக் குழந்தை எங்கே வருவாள்? ஒரு தேர்வு வேண்டும்தான், அடிப்படைப் பாட அறிவாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்தான். ஆனால் அந்தப் பதினாறு வாரத்தில் கற்க வேண்டியதை அந்த மூன்று மணி நேரத்தால் அளக்க முடியாது.

டெல்டாவில் பயிற்சிக்கு வருகிறவர்கள் கற்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் இங்கே பள்ளி எத்தனை நாள் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்த பள்ளிகள் எத்தனையோ. பாடத்திட்டத்தைப் பதினாறு வாரத்துக்குக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வருகிற பிள்ளை, மூன்று நாள் மழை விடுமுறைக்குப் பிறகு பாதி வகுப்பு மட்டும் வந்திருக்கும் ஒரு வியாழக்கிழமையில் எங்கிருந்து தொடங்குவது என்பதை இங்கேதான் பழக வேண்டும். நடவு நாட்களில் யார் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

கேஸ் ஸ்டடி என்று ஒரு செய்முறை உண்டு. ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்துக் கவனித்து எழுத வேண்டும். சீனியர் ரெக்கார்டிலிருந்து பெயரை மாற்றி எழுதிவிடுகிறவர்கள் அதிகம். தமிழ்ப் பாடத்துக்கு வந்த ஒரு பெண் அப்படிச் செய்யவில்லை. வகுப்பில் தூங்கிக்கொண்டே இருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அம்மா விடியற்காலை நாலரைக்கே லோடு ஆட்டோவில் வேறு ஊருக்கு நடவுக்குப் போகிறார். சமைத்து, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது இந்தப் பிள்ளை. அதுவரை எங்கள் ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு இருந்த பெயர் சோம்பேறி. பயிற்சிக்கு வந்த பெண் எழுதிய மூன்று பக்கத்தைத் தலைமையாசிரியர் படித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு முதல் பீரியடில் கேள்வி கேட்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

வந்து சேர்ந்த முதல் நாள் நான் இவர்களைப் பள்ளியைச் சுற்றி அழைத்துப் போவேன். மாடிப்படி எவ்வளவு அகலம், சத்துணவுக் கூடம் எங்கே, எந்தக் கதவு உள்பக்கம் திறக்கிறது, எந்தக் கேட் பூட்டியிருக்கும், சாவி யாரிடம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தபோது இவர்களில் சிலர் பிறந்திருக்கவே இல்லை. எங்களுக்கு அது நேற்று நடந்தது மாதிரி. வகுப்பில் நிற்கிறவருக்குக் குழந்தைகளை வெளியே கொண்டுபோகும் வழி தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தாளிலும் இதற்கு மதிப்பெண் இல்லை, நான் சொல்லாமல் விடுவதும் இல்லை.

இப்போது மறுபடி மாற்றங்கள் வருகின்றன. பிளஸ் டூ முடித்தவுடன் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு பரவிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தோடு பி.எட். சேர்த்துப் படிக்க முடிகிறது. முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட்.டைத் திரும்பக் கொண்டுவரும் வரைவும் 2025-ல் வெளியானது. எத்தனை வருடம் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வருடத்தைக் குறைக்கும்போது பள்ளிக்கூட வாரங்களில் கை வைப்பார்களோ என்பதுதான் பயம். குறைக்க வேண்டுமானால் ரெக்கார்டு நோட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும்.

சேரப் போகிற பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்ப்பதோடு நிறுத்தாமல் சில கேள்விகள் கேட்க வேண்டும். பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள்? அங்கே உங்கள் ஆசிரியர் எத்தனை முறை வந்து முழு வகுப்பு உட்காருவார்? முடிந்ததும் கைடு டீச்சரோடு பேசுவாரா? இதற்கு நேராகப் பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். முன்னால் படித்த அக்காக்களிடமும் விசாரியுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

இந்த வருடம் எங்கள் பள்ளியில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். பயிற்சி மாணவர்களை அனுப்பும் கல்லூரியிலிருந்து கணிதக் கற்பித்தல் நடத்தும் மேடமிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவது, ஒருவர் நடத்துவது, மற்றவர்கள் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் குறிப்பது, மணி அடித்த பிறகு உட்கார்ந்து பேசுவது. மேடமும் ஒரு முறை பாடம் நடத்துவார், நாங்கள் குறிப்பெடுப்போம். அதை அவரே கேட்டார்.

முதலில் எடுக்கப்போவது ஏழாம் வகுப்பில் தசம எண்கள். 0.35 பெரியதா, 0.5 பெரியதா? பாதிக்கு மேல் 0.35 என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரிசுதானே. ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வருவது பயிற்சி மாணவர்களின் வேலை. பக்கத்துப் பள்ளிகளின் கணக்கு டீச்சர்கள் யாராவது வந்து பார்க்க விரும்பினால், தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.